வாடை போகப் பத்து நாள்

மிக்கேல்ராஜுக்கு மூக்கில் ஒரு குறையும் இல்லை. இரண்டு தெரு தள்ளிக் கருவாடு பொரித்தால் தெரியும். பூக்கடை வழியாகப் போனால் மல்லியா முல்லையா என்று பார்க்காமலே சொல்லிவிடுவார். தன் மேல் அடிக்கும் வாடை மட்டும்தான் அவருக்குத் தெரியாது. கம்பெனியில் சேர்ந்த முதல் இரண்டு வருடம் தெரிந்தது. அழுகின பழத்தையும் நகப் பாலிஷையும் சேர்த்துக் குழைத்த மாதிரி, தொண்டைக்குள் இறங்கி நிற்கும் நெடி. பிறகு ஒருநாள் அது இல்லாமல் போனது. போனது நெடியில்லை, தன் மூக்குத்தான் அதைக் கண்டுகொள்வதை விட்டுவிட்டது என்பதை மற்றவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்துகொண்டார். முடிவெட்டுகிற கடையில் அவருக்கு மட்டும் ஃபேனை முழு வேகத்தில் வைப்பார்கள்.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற ரோட்டில் நூல் மில்களெல்லாம் கடந்தபின் இடது பக்கம் ஒரு மண் பாதை பிரியும். அதன் கடைசியில் இருக்கிறது கம்பெனி. இரண்டு ரியாக்டர், ஓர் உயரமான உலர்த்தும் கோபுரம், ஒரு போர்வெல், முப்பத்தொரு ஆட்கள். அங்கே தயாராவது ஒரு வெள்ளை மாவு. மூட்டை மூட்டையாகப் பைப் கம்பெனிகளுக்குப் போகும். ஊரில் யாராவது, "அந்த மாவ வச்சு என்ன செய்வாக?" என்று கேட்டால் மிக்கேல்ராஜ் சந்தோஷமாகச் சொல்ல ஆரம்பிப்பார்.

வெறும் பிவிசி கல் மாதிரி. கடினம் உண்டு, தாங்கும் சக்தி கிடையாது. வெயிலில் கிடந்த குழாய் மேல் ஒரு மண்வெட்டி விழுந்தால் போதும், நீளத்துக்கும் விரிசல் ஓடிவிடும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ரப்பர் துளிகளைப் பரப்பி வைத்தால், ஓடி வருகிற விரிசல் ஒரு துளியில் முட்டி அங்கேயே அடங்கிப் போகும். ஆனால் ரப்பரைச் சும்மா போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிப் பந்தாகிவிடும், பிவிசியோடும் சேராது. அதனால் ஒவ்வொரு துளிக்கும் மேலே கெட்டியான பிளாஸ்டிக்கில் ஒரு தோல் போர்த்த வேண்டும். இதைத் தண்ணீருக்குள்ளே, சோப்பை வைத்துச் செய்கிறார்கள். சோப்புத்தான் துளிகளைத் தனித்தனியாகப் பிரித்து நிறுத்தி வைக்கும்.

கேட்டவர்கள் பாதியிலேயே, "சரிண்ணே, வாரேன்" என்று கிளம்பிவிடுவார்கள். சொல்வது புரியாமலா, பக்கத்தில் நிற்க முடியாமலா என்று அவர் யோசிப்பதை நிறுத்திப் பல காலம் ஆகிறது.

காலை ஆறு மணிக்கு உப்பு நீக்கின தண்ணீரை ரியாக்டரில் ஏற்றி, சோப்பைக் கரைத்து, எழுபத்தெட்டு டிகிரிக்குச் சூடாக்குவார். பிறகு மூலப்பொருளான மோனோமரை நூலாக இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்கத் தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கும் அந்தத் திரவத்துக்குத்தான் அத்தனை வாடையும். முதல் ஐந்து மணி நேரம் ரப்பர் வளரும். அடுத்த மூன்று மணி நேரம் மேல் தோல். அவசரப்பட்டால் சூடு கைமீறிப் போகும். எட்டு மணி நேரமும் இரும்புப் படிக்கட்டின் மேலே ரியாக்டருக்குப் பக்கத்தில் ஒற்றை ஆளாக நின்று, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். கலக்கியின் இரைச்சலில் பேச்சுக்கு இடமில்லை. முதலில் கலங்கலாக இருப்பது மெல்ல நீலம் பாய்ந்து, பிறகு வெள்ளையாகி, கடைசியில் அசல் பாலாக நிற்கும். கம்பெனியில் எல்லோரும் அதைப் பால் என்றுதான் சொல்வார்கள். சரியாக வந்தால் "பால் நல்லா வந்திருக்கு." கெட்டுப்போனால் "பால் திரிஞ்சிருச்சு." மிக்கேல்ராஜ் நின்ற ரியாக்டரில் பால் திரிந்ததாகக் கடந்த பன்னிரண்டு வருடத்தில் ஒரு பேச்சு இல்லை.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. சொந்த ஊர் பஞ்சம்பட்டி. கெமிஸ்ட்ரி படித்தவர். மனைவி அமலராணி, ஒரே மகள் ஷைனி. பேகம்பூர் பக்கத்தில் மாடியில் வாடகை வீடு. அமலராணிக்குக் கல்யாணத்துக்கு முன்பே லேசாக வீசிங் இருந்தது. பிறகு வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போனது. டாக்டர் தூசி என்றார், குளிர் என்றார், கடைசியில் மிக்கேல்ராஜைக் கிட்டே கூப்பிட்டு, "நீங்க எங்க வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் கீழே குழாயடியில் குளித்துவிட்டுத்தான் மாடி ஏறுவார். கம்பெனி உடுப்பைத் தனி வாளியில் போட்டு மூடி வைப்பார். தலைமுடியிலும் தோலிலும் ஊறிப்போனதை என்ன செய்ய?

எட்டு வருடத்துக்கு முன் ஷைனிக்குத் திருச்சியில் காலேஜ் கிடைத்தபோது, துணைக்கென்று அமலராணியும் போனாள். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலையும் கிடைத்தது. சண்டையில்லை, மனத்தாங்கல்கூட இல்லை. போன மூன்றாம் மாதம் போனில் சொன்னாள்: "ஏங்க, இந்த வாரம் பூரா இன்ஹேலர் எடுக்கவே மறந்துட்டேங்க." குரலில் அப்படி ஒரு குதூகலம். மிக்கேல்ராஜுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. போனை வைத்து, சோற்றைப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் அதன் மறுபாதி அவருக்கு உறைத்தது.

ஷைனி படித்து முடித்தாள், அங்கேயே வேலைக்கும் போனாள். திரும்பி வருகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு திருச்சிக்குப் போவார். அவருக்கென்று இரண்டு சட்டையும் இரண்டு வேட்டியும் அந்த வீட்டுக் குளியலறையில் தொங்கும். போனதும் குளித்து அவற்றை உடுத்திக்கொண்டு பால்கனியில் நாற்காலி போட்டு உட்காருவார். அமலராணி கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே பேசுவாள். சாயங்காலம் பஸ் ஏறிவிடுவார்.

இந்த வருடம் ஏப்ரலில் ஷைனி போன் செய்தாள். மாப்பிள்ளை பெயர் டோனி, பெங்களூரில் வேலை, குடும்பம் திருச்சியில். அவளே பார்த்துக்கொண்ட பையன்தான். மே இருபத்தைந்து, ஞாயிற்றுக்கிழமை நிச்சயம்.

"அப்பா, நீங்க ஒரு பத்து நாளைக்கி முன்னாடியே லீவு போட்ருங்களேன்."

"பத்து நாளா? மண்டபம், சாப்பாடு எல்லாம் அவங்கதான பாக்குறாங்க? எனக்கென்னம்மா வேல அங்க?"

"இங்க வர வேணாம்ப்பா. வீட்ல ரெஸ்ட் எடுங்க."

"ரெஸ்ட்டா?"

கேட்டு முடிப்பதற்குள் மிக்கேல்ராஜுக்கே புரிந்துவிட்டது.

"சரிம்மா. போட்டுர்றேன்" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் மூன்று நாளுக்கு மேல் அவர் லீவு கேட்டதில்லை. கம்பெனியைப் பார்த்துக்கொள்கிற ரஃபி, "என்னண்ணே, மகளுக்கு நிச்சயம், பதினஞ்சு நாளாவே எடுத்துக்கங்க" என்றான். இரண்டாவது ரியாக்டரில் நிற்கும் முகேஷ்குமாரிடம் தன் ரியாக்டரையும் ஒப்படைத்தார். முகேஷ்குமார் கீரனூர்க்காரன், முப்பத்து நான்கு வயது, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். "நீங்க போயிட்டு வாங்கண்ணா, நான் பாத்துக்கறேனுங்க" என்றான்.

மே பதினைந்து, வியாழக்கிழமை லீவு தொடங்கியது. முதல் நாள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார். தலையணை, போர்வை, துண்டு எல்லாவற்றையும் மாற்றினார். தோல்வாரில் ஊறியிருக்கும் என்று கைக்கடிகாரத்தைக் கழற்றி டப்பாவில் போட்டு மூடினார். எலுமிச்சம்பழமும் கடலைமாவும் வாங்கிவந்து காலை ஒன்று, மாலை ஒன்று என்று தேய்த்துக் குளித்தார். வேலையோடு வேலையாக அந்த நாள் போனது.

இரண்டாம் நாள் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

நாலரை மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. படுத்தபடி, இந்நேரம் கொதிகலனைப் பற்றவைத்திருப்பார்கள் என்று நினைத்தார். ஆறு மணிக்கு, இப்போது தண்ணீர் ஏறும். ஒன்பது மணிக்கு, இப்போது நீலம் பாயும். வெளியே போய் டீ குடித்தார். மலைக்கோட்டைப் பக்கம் நடந்தார். காலைப் பூசைக்குப் போய்விட்டு, சாமியார் திருவுடுப்பைக் கழற்றிவிட்டு வருவார், இரண்டு வார்த்தை பேசலாம் என்று மாதா கோவில் வாசலில் நின்றார். சாமியார் அவசரமாக எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தார், கையசைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் இப்படியே கழிந்தன. ஐந்தாம் நாள் சாயங்காலம், தான் இன்று யாரிடம் என்ன பேசினோம் என்று எண்ணிப் பார்த்தார். டீக்கடையில் "ஒரு டீ, சீனி கம்மி." காய்கறிக் கடையில் "கத்திரிக்கா கால் கிலோ." அவ்வளவுதான். கம்பெனியிலும் அவர் அதிகம் பேசுவதில்லைதான். அங்கே பேசாதது தெரியவில்லை. இங்கே தெரிந்தது.

சமையலும் ஓடவில்லை. ஒரு ஆளுக்கு என்ன வெஞ்சனம் வைப்பது? தயிரும் ஊறுகாயுமாக ஒப்பேற்றினார்.

ஆறாம் நாள் காலை அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாடை போயிருக்கிறதா, இல்லையா? அவருக்கு எப்படித் தெரியும்? யாரையாவது கேட்டால்தான் உண்டு. யாரைக் கேட்பது என்று யோசித்தபோது காதர் பீவியின் ஞாபகம்தான் வந்தது. கீழ் வீட்டில் ஆப்பக்கடை வைத்திருக்கும் அம்மாள். அறுபது வயதைத் தாண்டியவர். மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற ஆள்.

கடைக் கூட்டம் ஓய்ந்தபின் இறங்கிப் போனார். பீவி சட்டியைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, ஒரு வாரமா வீட்லயே கெடக்குற? ஒடம்புக்கு முடியலையா?"

"அதெல்லாம் இல்ல பீவிம்மா. மகளுக்கு நிச்சயம். லீவு."

"அல்லாவே, நல்ல செய்திய இம்புட்டு மெதுவாச் சொல்றியே!"

"பீவிம்மா, ஒண்ணு கேக்குறேன். மறைக்காமச் சொல்லணும்." அவருக்குக் காது சூடானது. "எம்மேல இப்ப வாடை வருதா?"

பீவி சிரிக்கவில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். கறிக்கடையில் கறியை முகர்ந்து பார்ப்பதுபோல் அவர் தோளுக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுவந்து, மூச்சை இழுத்து, நிதானமாக யோசித்தார்.

"இல்லப்பா. எலுமிச்சம்பழ வாசந்தேன் வருது."

"நெசமாவா?"

"நெசமாத்தேன்." இரண்டடி தள்ளி நின்று அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீ குடிவந்து பதினாலு வருசம் இருக்குமா? இன்னைக்கித்தேன் ஒங்கிட்டக்க வந்து நின்னுருக்கேன்."

அன்று முழுக்க மிக்கேல்ராஜ் சந்தோஷமாக இருக்க முயன்றார். வாடை போய்விட்டது. மகள் கேட்டதைச் செய்துவிட்டார். ஆனால் பீவி கடைசியாகச் சொன்னதுதான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது.

ஏழாம் நாள், புதன்கிழமை, பத்து மணிவாக்கில் ரஃபி கூப்பிட்டான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. ஒங்கள கூப்பிடக் கூடாதுன்னுதான் இருந்தேன். மூணு ஓட்டம் வரிசையா பால் திரிஞ்சிருச்சுண்ணே. ரப்பர் நல்லா வளருது, மேல் தோல் போடும்போது பொட்டு பொட்டாக் கட்டியாகி, கடைசியில அம்புட்டும் களி. ரியாக்டர் உள்ள சொவரு பூரா அப்பியிருக்கு."

"மோனோமர் புது லோடா?"

"இல்லண்ணே, பழைய லோடுதான். சூடு, நேரம், கலக்குற வேகம் எல்லாம் பாத்துட்டோம். ஒண்ணும் புரியல."

மிக்கேல்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடி வழியாக உள்ளே பார்ப்பதுபோல் இருந்தது. சூடு சரி, நேரம் சரி என்றால் மிச்சம் சோப்பும் தண்ணீரும்.

"முகேசுகிட்ட போனக் குடு."

"சொல்லுங்கண்ணா."

"ஏப்பா, டேங்க்ல இருக்குற தண்ணிய ஒரு பாட்டில்ல புடி. கொஞ்சம் சோப்பப் போட்டு நல்லாக் குலுக்கு. நொரை நிக்குதான்னு பாத்துச் சொல்லு."

செத்த நேரம் போனில் காலடிச் சத்தமும் குழாய்ச் சத்தமும் கேட்டன. பிறகு முகேஷ்குமாரின் குரல் வந்தது. "நொரை வருதுங்கண்ணா. வந்த ஒடனே அடங்கிப் போகுதுங்க. மேல வெள்ளையா ஆடையாட்டம் மெதக்குதுங்க."

உப்புத் தண்ணீர். திண்டுக்கல்லில் துணி துவைக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. போர்த் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது. சோப்பு செத்துப்போனால் துளிகளைப் பிரித்து நிறுத்த ஆள் இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

"உப்பு எடுக்குற மெசினக் கழுவலையாப்பா?"

"இன்னும் மொறை வரலீங்களே. பத்து டேங்க்குக்கு ஒருக்காக் கழுவோணும்னு செவுத்துல எழுதியிருக்குதுங்களே. இது ஒம்போதாவது டேங்க்குத்தானுங்க. அதே மாதிரித்தான் செஞ்சேனுங்க. உப்பு மீட்டரும் சரியாத்தான் காட்டுதுங்க."

மிக்கேல்ராஜ் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மீட்டரின் முள் போன தீபாவளியிலேயே சிக்கிக்கொண்டது. அதை அவர் பார்ப்பதே இல்லை. சுவரில் பத்து என்று எழுதியது அவர்தான், எட்டு வருடத்துக்கு முன்னால். பிறகு மழை குறைந்தது, போரை இன்னும் ஆழமாக இறக்கினார்கள், தண்ணீரில் உப்பு ஏறியது. கோடையில் பத்து டேங்க் தாங்காது, ஆறுக்கே கழுவ வேண்டும் என்று அவருக்குப் பட்டது. தினமும் காலையில் தண்ணீரில் விரலால் சோப்பைத் தேய்த்துப் பார்ப்பார். விரலுக்கு வழுக்கல் போதவில்லையென்றால் அன்றே கழுவிவிடுவார். இதை யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. மேலே அவர் பக்கத்தில் சொல்வதற்கு யாரும் நின்றதில்லை.

"முகேசு, தப்பு ஒம்மேல இல்லப்பா" என்றார். "கோடையில ஆறு டேங்க்குக்கே கழுவணும். மீட்டரும் ரிப்பேரு. அது எந்தலைக்குள்ள மட்டும் கெடந்துச்சு. எழுதி வச்சிருக்கணும், வைக்கல."

ரஃபி போனை வாங்கினான். "தெரிஞ்சிருச்சுல்லண்ணே, போதும். கழுவிட்டுப் புதுத் தண்ணி ஏத்திக்கிறோம். ரியாக்டரச் சொரண்ட வெள்ளிக்கிழம ஆளு வருது. நீங்க இந்தப் பக்கமே வராதீங்க. நிச்சயத்த நல்லபடியா முடிங்க."

போன் நின்றது. மணி பத்தரை. ஜன்னல் வழியாக வெயில் தரையில் கிடந்தது. கீழே பீவி யாரிடமோ பாக்கிச் சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மிக்கேல்ராஜ் மதியத்துக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தார். சாயங்காலம் என்ன செய்யலாம் என்று யோசித்தார். இன்னும் மூன்று நாள் இருந்தது. அவரைக் கம்பெனிக்கு யாரும் கூப்பிடவில்லை, வர வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். பதினொன்றரை மணிக்கு அவர் வேடசந்தூர் பஸ்ஸில் இருந்தார்.

ரஃபி வாசலிலேயே பார்த்துவிட்டான். "ஏண்ணே வந்தீங்க?"

"வெள்ளிக்கிழம வரைக்கும் விட்டா இறுகிப் போகும். அப்பறம் உளி வச்சுத்தேன் ஒடைக்கணும்" என்றார். அது உண்மைதான். ஆனால் அதற்காகத்தான் வந்தோம் என்று அவராலேயே நம்ப முடியவில்லை.

இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, உள்ளே காற்று ஊதும் குழாயை இறக்கி, மேல் வாயில் முகேஷ்குமாரை நிறுத்திவிட்டு, மிக்கேல்ராஜ் ஏணி வழியாக ரியாக்டருக்குள் இறங்கினார். சுவரெங்கும் பாலாடைக்கட்டி மாதிரி விரல்கனத்துக்கு அப்பியிருந்தது. பித்தளைக் கரண்டியால் விளிம்பை நெம்பி விட்டு, கையால் பிடித்து இழுத்தால் பாயைச் சுருட்டுவதுபோல் உரிந்து வந்தது. அதில் ஒரு பக்குவம் இருக்கிறது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி இறங்கினார்.

"அண்ணா, பரவாயில்லீங்களா?" என்று மேலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது.

"இருக்கேம்ப்பா!"

"பேசிட்டே இருங்கண்ணா. சத்தம் நின்னா எனக்குப் பயமாயிருக்குதுங்க."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். மீட்டர் முள் சிக்கியது, ஷைனி சின்னப் பிள்ளையில் கம்பெனி மாவை முகத்தில் பூசிக்கொண்டது, டோனிக்கு ஆறடி உயரம் என்று அமலராணி சொன்னது, எல்லாம். நான்கு மணி நேரம். பிறகு எல்லோரோடும் உட்கார்ந்து புளிச்சோறு தின்றார். ஒரு டப்பா சிவப்புப் பெயிண்ட்டை எடுத்துவந்து, சுவரில் பத்து என்றிருந்ததை அடித்துவிட்டு, "மாசி முதல் ஆடி வரை ஆறு டேங்க். தினமும் சோப்பு போட்டுப் பார்க்கவும்" என்று கொட்டை எழுத்தில் எழுதினார். பஸ்ஸில் திரும்பும்போதுதான் கையைப் பார்த்தார். நக இடுக்குகளில் வெள்ளை வெள்ளையாக ரப்பர் ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை பீவி அவரைப் படியில் பார்த்தார். சேலைத் தலைப்பை மூக்கருகில் கொண்டுபோய், நினைத்துக்கொண்டவர்போல் இறக்கினார். மிச்சமிருந்த எலுமிச்சம்பழம் எல்லாம் தீர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வாடை போயிருக்கும் என்று மிக்கேல்ராஜ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கேட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

திருச்சியில் மண்டப வாசலில் அமலராணி பட்டுச்சேலையில் நின்றிருந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நான்கு எட்டு வந்தவள், அங்கேயே நின்றாள்.

"போனீங்களா?"

"ம்."

"சரி, வாங்க. உள்ள வாங்க" என்று முன்னால் நடந்தாள்.

டோனியின் அம்மா ஐரின் நல்ல மாதிரி. மரியாதைக்குக் கிட்டே வந்து நின்று, "உங்களுக்குப் பெயிண்ட் கம்பெனியா சார்?" என்று கேட்டாள்.

"இல்லங்க. பைப்புக்கு மாவு."

"ஓ, அப்படியா" என்றாள். கைக்குட்டை அவள் கையிலேயே இருந்தது.

பங்குச்சாமி மந்திரித்துக் கொடுக்க, மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது மிக்கேல்ராஜ் தானாகவே ஓரத்தில் போய் நின்றார். படம் முடிந்து எல்லோரும் சாப்பிடக் கலைந்த நேரத்தில், ஷைனி உடுத்துகிற அறைக்கு அவரைக் கூப்பிட்டனுப்பினாள். மூலையில் நாற்காலியில் அமலராணி குனிந்து உட்கார்ந்திருந்தாள். கையில் இன்ஹேலர். எட்டு வருடத்துக்குப் பிறகு அவள் மூச்சில் அந்த விசில் சத்தத்தை அவர் கேட்டார். அவரைப் பார்த்ததும் அவள் அதைக் கைப்பைக்குள் போட்டாள். "ஒண்ணும் இல்லங்க, மண்டபத்துல ஏசி ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனாள்.

ஷைனி கதவைச் சாத்தினாள். "பத்து நாள்தானப்பா கேட்டேன்."

"ஆறு நாள் இருந்தேம்மா. பீவிம்மாகூட வாடை போயிருச்சின்னாங்க. அப்பறம் கம்பெனியில பால் திரிஞ்சு போச்சு..."

"அவங்க கூப்ட்டாங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள்.

"இல்ல. வர வேணாம்னுதான் சொன்னாங்க. நானாத்தேன் போனேன்." அவர் தரையைப் பார்த்தார். "வீட்ல இருக்க முடியலம்மா."

ஷைனி, அழுதால் கண் மை கரைந்துவிடும் என்று தலையை நிமிர்த்தி ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே யாரோ "பொண்ணு எங்க?" என்று கேட்டார்கள்.

"போம்மா. தேடுறாங்க" என்றார்.

ஆகஸ்ட் மாதம் கல்யாணம். அதற்கு அவர் ஒரு மாத லீவு எடுத்தார். இம்முறை ஷைனியே, "திண்டுக்கல்ல இருக்க வேணாம்ப்பா, இங்க வந்துருங்க" என்றாள். மிக்கேல்ராஜ் திருச்சி வீட்டில் தங்கினார். பத்திரிகை கொடுக்கப் போனார், சமையல்காரரோடு பேசினார், மூன்று ஞாயிறும் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கும்போது அமலராணிக்குப் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்தார். முதல் வாரம் பால்கனியில் படுத்தவர், இரண்டாவது வாரம் கூடத்துக்கு வந்துவிட்டார். கல்யாணத்தன்று ஷைனி அவர் கையைக் கோத்துக்கொண்டு கோவில் நடுவில் நடந்தாள். அவள் தலைப்பூ அவர் தோளில் உரசியது. அந்த மாதம் அமலராணிக்கு இன்ஹேலர் தேவைப்படவில்லை.

ஷைனி பெங்களூர் போன மறுநாள் அமலராணி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மிக்கேல்ராஜ் ஒரு வாரமாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டார்.

"வேலைய விட்டுட்டு இங்கேயே வந்துரட்டுமா?"

"வந்து என்ன செய்வீங்க?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் அவரும் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். இந்த மாதம் கல்யாண வேலை இருந்தது. அடுத்த மாதம் என்ன இருக்கும்? மே மாதத்து மூன்றாம் நாளும் நான்காம் நாளும் நினைவுக்கு வந்தன.

"தெரியல" என்றார்.

"நீயாவது அங்க..." என்று தொடங்கி, அவரே நிறுத்திக்கொண்டார்.

"எனக்கு இங்க பழகிருச்சுங்க" என்றாள் அமலராணி. அவருடைய சட்டையை மடித்து மற்றதோடு சேர்த்து வைத்தாள். "அம்பத்தெட்டு வரைக்கும் பாருங்க. அப்பறம் யோசிப்போம்."

செப்டம்பரில் அவர் மறுபடி ரியாக்டரின் மேல் நின்றார். கோடை முடிந்தும் முகேஷ்குமார் தினமும் சோப்புத் தண்ணீரைக் குலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறான். மீட்டரையும் மாற்றிவிட்டார்கள். இரண்டாம் ஞாயிறு அவர் திருச்சி போவதும் முன்போலவே தொடர்ந்தது.

அக்டோபர் மாதத்து இரண்டாம் ஞாயிறு, சாயங்காலம், அமலராணி முதன்முறையாக அவரை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்ய என்றாள். அவர் திண்டுக்கல்லிலிருந்து உடுத்தி வந்த உடுப்புக்கே மறுபடி மாறியிருந்தார். பஸ் வர நேரமிருந்தது. சிமெண்ட் பெஞ்சில் அவர் ஒரு முனையில் உட்கார, அவள் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தாள். ஷைனி புது வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கியதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பைகளோடு ஒரு பெண் வந்தாள். "இங்க ஆள் வருதாங்க?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இல்லம்மா, உக்காருங்க" என்றார் மிக்கேல்ராஜ்.

அந்தப் பெண் நடுவில் உட்கார்ந்தாள். அவள் தலைக்கு மேலாகவும் பின்னாலாகவும் பேச்சு தொடர்ந்தது. அங்கும் உப்புத் தண்ணியா? ஆமாங்க, மெஷின் கெட்டுப் போகுமோன்னு பயப்படுறா. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது.

"ஐயோ, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்தவங்களா? நான் எந்திரிச்சுக்கட்டுமா?"

"வேணாம்மா, உக்காருங்க" என்றாள் அமலராணி. "அவருக்கு இப்ப பஸ் வந்துரும்."

பஸ் வந்தது. மிக்கேல்ராஜ் ஏறி ஜன்னலோரம் இடம்பிடித்துத் திரும்பிப் பார்த்தார். அமலராணி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் ஏதோ கேட்க, இவள் கையை அசைத்து அசைத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். டிரைவர் இஞ்சினைப் போட்டார். அவள் என்ன சொல்கிறாள் என்று அவருக்குக் கேட்கவில்லை.